ஒரு டிரம்பெட்டுக்கு இரண்டு பேர்

எங்கள் வீட்டில் ஒரு மனிதர் வேலை முடிந்து வந்தால் முகம் கழுவி, காப்பி குடித்து, முன்பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு சின்னக் குழாயை வாயில் வைத்து ஊத ஆரம்பித்துவிடுவார். கன்னம் உப்பும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும். சத்தம் மட்டும் வராது. சத்தமெல்லாம் அவர் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனுக்குள் போய்விடும். வெளியே நமக்குக் கேட்பது ‘புஸ்... புஸ்...’ என்று வெறும் காற்றுதான். குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. இந்த மனிதருக்குத்தான் நான் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.

அவர் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக். நூலைத் துணியாக்கும் மிஷின்கள் அவர் பொறுப்பு. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரன் படம் வரைந்து அனுப்புகிற சட்டையை முதன்முதலில் தைத்துக் காட்டுவது என் வேலை. இரண்டு பேர் குடும்பமும் தெற்கேயிருந்து இந்தப் பனியன் ஊருக்குப் பிழைக்க வந்தவை. நான் பிறந்தது இங்கேதான். அதனால் வேலை செய்யும் இடத்தில் ‘வாங்க, இல்லீங்க’ என்று கொங்குப் பேச்சு சரளமாக வரும். கோபம் வந்தால் மட்டும் எங்கள் அம்மா பேசிய தெற்கத்திப் பேச்சு தானாக நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் எனக்குப் பெரும்பாலும் தெற்கத்திப் பேச்சுதான்.

பெண் பார்க்க வந்தபோதே சொன்னார்கள், மாப்பிள்ளை கோயிலில் டிரம்பெட் வாசிப்பார் என்று. “அது சரி, சம்பளம் எவ்வளவு?” என்று எங்கள் அம்மா கேட்டாள். அம்மாவுக்குச் சங்கீத ஞானம் அவ்வளவுதான். எனக்கும் அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணமாகி வந்த முதல் ஈஸ்டர் அன்று, பொழுது விடியாத நேரத்தில், எங்கள் சபையின் அதிகாலை ஆராதனையில் உயிர்ப்பின் கீர்த்தனையை அவர் டிரம்பெட்டில் எடுத்துக் கொடுத்தார். தூக்கக் கலக்கத்தில் இருந்த சபை அத்தனையும் நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் என் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், அவள் கேட்காமலேயே, “அது எங்க வீட்டு ஆளு” என்று சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

வருஷா வருஷம் அப்படித்தான் நடந்தது. பிறகு ஒரு மழை நாளில், பைப் பதிக்கத் தோண்டிப்போட்ட குழியில் பைக் சறுக்கி, இந்த மனிதர் ரோட்டை முத்தமிட்டார். கை கால் தப்பியது. முன்பற்கள் தப்பவில்லை. செட் கட்டிக்கொண்டார், சிரித்தால் முன்னைவிட அழகாகக்கூட இருக்கிறார். ஆனால் டிரம்பெட்டுக்கு உதட்டைப் பல்லின் மேல் இறுக்கி ஊத வேண்டுமாம். செட்டை வைத்து ஊதினால் செட் ஆடியது, கழற்றிவிட்டு ஊதினால் உதடு உள்ளே போனது. சில நாள் முயன்று பார்த்தார். பிறகு டிரம்பெட்டை ஒரு பனியன் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்துவிட்டார்.

அடுத்த ஈஸ்டருக்கு அவருக்கு நைட் ஷிஃப்ட் வந்துவிட்டது. வந்துவிட்டது என்றால், ஊரே லீவு போடுகிற நாளில் இவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கோயிலில் பாடகர் குழுத் தலைவர் கீபோர்டில் டிரம்பெட் என்று ஒரு பட்டனை அமுக்கி வாசித்தார். நான் வீட்டுக்கு வந்ததும், ஷிஃப்ட் முடிந்து எனக்கு முன்னாலேயே வந்திருந்தவர் பிடித்திருந்த பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“எப்படி இருந்துச்சு?”

“பஸ் ஹாரன் மாதிரி இருந்துச்சு.”

பேப்பர் அசையவில்லை. ஆனால் அன்றைக்குப் பூராவும் மனிதர் குஷியாக இருந்தார். கறிக்குழம்புக்கு வெங்காயம்கூட உரித்துக் கொடுத்தார். எனக்குத்தான் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் போனில் ஏதோ வீடியோ பார்த்தார். யாரோ ஒருவன் ஒரு சின்ன கீபோர்டை வைத்துக்கொண்டு, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வருவது அசல் டிரம்பெட் சத்தம். அதே வீடியோவை அன்று முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டார். சோறு ஆறியது. அந்தத் தீபாவளி போனஸ் எங்கே போகப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பார்சல் வந்தது. பிரித்தால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுருதிப்பெட்டி அகலத்துக்கு ஒரு கீபோர்டு, தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு குழாய். எல்லாம் எங்கள் பழைய லேப்டாப்பில் போய்ச் சேர்ந்தது. டிரம்பெட் எங்கே என்று கேட்டேன். லேப்டாப்பைத் தட்டிக் காட்டினார்.

“எல்லாச் சத்தமும் உள்ள இருக்கு. எந்த ஸ்வரம்னு விரலு சொல்லும். அது எப்படி எழும்பணும், எப்படி அடங்கணும்னு மூச்சு சொல்லும். மெதுவா ஊதுனா மெதுவா வரும். ஓங்கி ஊதுனா பித்தளை மாதிரி கணீர்னு வரும்.”

“கோயில் கீபோர்டுலயும் அந்தச் சத்தம் இருக்கே?”

“அதுல மூச்சு இல்லட்டி. அமுக்குனா ஒரே மாதிரி கத்தும், எடுத்தா செத்துப்போகும்.”

“இதுக்குப் பல்லு வேண்டாமா?”

“வேண்டாம். மூச்சு போதும்.”

அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த இருப்பில், நாக்கு நுனி வரை வந்த கிண்டலை நான் விழுங்கிவிட்டேன். என் சரித்திரத்தில் அது அபூர்வம்.

முதல் நாள் ஸ்பீக்கரில்தான் வாசித்தார். வாசித்தார் என்பது நான் சொல்கிற மரியாதை. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து எங்கள் ஓனரம்மா படியேறி வந்துவிட்டார். முருக பக்தை, கொங்குக்காரர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லத் தெரியாதவர். சண்டை போட வந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் போடுவார்.

“ஏனுங் கண்ணு, தப்பா நினைச்சுக்காதீங்க. ஊட்டுல மாடு ஏதாச்சும் கன்னு போடுதுங்களா?”

மறுநாளே ஹெட்போன் வந்துவிட்டது.

ஆனால் அதோடு தீரவில்லை. வராந்தாவில் துணி காயப்போட வந்த ஓனரம்மா ஜன்னல் வழியாக இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறார். ஒரு மனிதர் கண்ணை மூடி, குழாயை வாயில் வைத்து, புஸ் புஸ்ஸென்று இழுத்து விடுகிறார். பக்கத்தில் ஏதோ ஒயர், ஏதோ டப்பா. சாயங்காலம் ஒரு தூக்குப் போசியோடு என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உங்கூட்டுக்காரருக்கு மூச்சு இளைப்புங்களா கண்ணு? பஞ்சு பறக்குற எடத்துல வேலைங்க, யாருக்குத்தான் வராதுங்க. தூதுவளை ரசம் வெச்சிருக்கேன். சூடா குடிக்கச் சொல்லுங்க” என்றார்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து, “குடுத்தா வாங்கி வைட்டி” என்று சத்தம் வந்தது. ரசம் அவ்வளவு நன்றாக இருந்ததாம். அந்த வாரம் முழுக்க ஓனரம்மா ரசம் கொடுத்தார், இவர் நோயாளி மாதிரி மெலிந்த குரலில் நன்றி சொல்லிக் குடித்தார். வெட்கம் கெட்ட மனிதர்.

மாதக்கணக்கில் இது ஓடியது. நடுநடுவே என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை என் காதில் மாட்டிவிடுவார். சாம்பிள் டெய்லருக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. “எங்கயோ சுருக்கம் விழுது” என்பேன். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஆரம்பிப்பார். ஒருநாள் கீர்த்தனை முழுவதையும் வாசித்துக் காட்டினார். நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. “மறுபடியும் வாசிங்க” என்றேன். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தவக்காலம் தொடங்கியதும் பாடகர் குழுத் தலைவரைப் போய்ப் பார்த்தோம். அவரும் எங்கள் தெற்குப் பக்கத்துக்காரர்தான், தங்கமான மனிதர். ஆனால் புதிதாக ஒன்று என்றால் அவருக்கு வயிற்றைக் கலக்கும்.

“கீபோர்டுலயே டிரம்பெட் இருக்கே அண்ணாச்சி. நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? வயசான காலத்துல சும்மா வந்து ஆராதனைல கலந்துக்கிடுங்க.”

வயசான காலமாம்! என் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“ஒரே ஒரு பாட்டு தம்பி. உயிர்ப்பின் கீர்த்தனை மட்டும். சரியா வரலேன்னா இந்தப் பேச்சையே இனி எடுக்க மாட்டேன். எல்லாத்தையும் மூட்டை கட்டிருதேன்.”

தலைவர் சம்மதித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் இவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். “உங்கள யாரு அப்படி வாக்குக் குடுக்கச் சொன்னா? ஒரு பாட்டுல தப்பு வந்தா எல்லாத்தையும் விட்டுருவியளா?” இவர்பாட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். சொன்னால் சொன்னதைச் செய்கிற பிடிவாதக்காரர் என்பது எனக்குத் தெரியும். பீரோ மேலே டிரம்பெட் கிடப்பது போல இதுவும் ஒரு துணிக்குள் போய்விடும், இவரும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஷிஃப்ட் கேட்டு வாங்குவார். அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பெரிய வியாழன் அன்றுதான் சனியன் பிடித்தது. இந்த ஊரில் பஞ்சு போகாத இடம் இல்லை. சோற்றில் இருக்கும், சாமி படத்தில் இருக்கும், பிறந்த குழந்தையின் காதில்கூட இருக்கும். அந்தக் குழாய்க்குள்ளும் போயிருக்கிறது. மெதுவாக ஊதினால் சத்தம் வரவில்லை என்று தன் கம்பெனிக்கே அதை எடுத்துப் போனார், டிஃபன் நேரத்தில் கழற்றித் துடைக்கலாமென்று.

நிட்டிங் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்ததும் கம்ப்ரஸர் காற்று வருகிற ஏர் கன்னை எடுத்து உடம்பு முழுக்க அடித்துக்கொள்வார்கள். சட்டை, தலைமுடி, செருப்பு எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் பஞ்சு பறந்துவிடும். பிறகு செல்போனுக்கு அடிப்பார்கள். டிஃபன் பாக்ஸுக்கு அடிப்பார்கள். எங்கள் வீட்டு மிக்ஸியையே ஒருமுறை கொண்டுபோய் அடித்துக்கொண்டு வந்தவர் இவர். அந்தக் கைதான், யோசிக்கவே யோசிக்காமல், ஏர் கன்னை எடுத்து அந்தக் குழாயின் வாயில் வைத்து விசையை அமுக்கியிருக்கிறது.

மனுஷன் ஊதுவதற்கென்று செய்த சாமானில் கம்ப்ரஸர் ஊதினால் என்ன ஆகும்? பஞ்சு போய்விட்டது. கூடவே மூச்சை அளக்கிற பாகமும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து மாட்டினார். அவர் வாயை வைக்கவே இல்லை, கட்டையைத் தொட்டதும் டிரம்பெட் முழு மூச்சில் அலறியது. மெதுவாக ஊதினாலும் அலறல், ஊதாவிட்டாலும் அலறல்.

“அட கூறுகெட்ட மனுஷா!” என்றேன். தெற்கத்திப் பேச்சு வந்து உட்கார்ந்துவிட்டது. “எதுக்கு அடிக்கணும், எதுக்கு அடிக்கக் கூடாதுன்னு ஒரு கணக்கு வேண்டாமா? நாளைக்கு எனக்கு மூக்கடைச்சா என் மூக்குலயும் வச்சு அடிப்பியளா?”

வழக்கமாக இந்த இடத்தில் அவர் சிரிப்பார், நானும் சிரித்துவிடுவேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. பல் செட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். திட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்ததும் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். தலைவருக்கு உள்ளூர நிம்மதி, முகத்தில் மட்டும் துக்கம். “விடுங்க அண்ணாச்சி. நானே வாசிச்சிருதேன். கால் பெடல் ஒண்ணு சும்மா கிடக்கு. அத வச்சுக் கொஞ்சம் ஏத்தி எறக்கிக் குடுத்தா சத்தம் உங்களது மாதிரியே வந்துரும்” என்றார்.

உங்களது மாதிரியே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இவர் காதில் வேறொன்று விழுந்திருக்கிறது. “அந்தப் பெடல ஒரு நாளைக்குக் குடுங்க தம்பி” என்றார்.

விஷயம் இதுதான். ஊதும்போது மூச்சு லேப்டாப்புக்குள் வெறும் எண்ணாகத்தான் போகிறதாம். பெடலை மிதித்தாலும் அதே மாதிரி எண்ணாகத்தான் போகுமாம். லேப்டாப்புக்கு அது வாயா காலா என்று தெரியாது. எனவே வாய்க்குப் பதில் காலை வைத்து ஊதலாம். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

அவர் கால் இருக்கிறதே, அது கனமான மிஷின்களுக்கு நடுவே ஓடி ஓடிப் பழகிய கால். விரல் கீபோர்டில் கவனமாக இருந்தால் கால் பெடலைத் தரையோடு தரையாக மிதித்துவிடும், பைக் பிரேக்கைப் போல. காலைக் கவனித்தால் விரல் தப்பும். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்கும் கேட்கும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கீழே ஓனரம்மா என்ன நினைத்தாரோ, முருகனுக்குத்தான் வெளிச்சம். அடுப்படியில் நின்றுகொண்டு நான் எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?

“தள்ளுங்க காலை” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பவர் தையல் மிஷினில் தைப்பது எங்கள் காலில்தான் இருக்கிறது. பெருவிரலை லேசாக அழுத்தினால் ஒரு தையல் மட்டும் விழும். கூட அழுத்தினால் மிஷின் பறக்கும். கழுத்துப்பட்டி வளைவில் குறைக்க வேண்டும், நேரே வந்ததும் கூட்ட வேண்டும். இதை நாள் முழுக்கச் செய்கிறவளுக்கு டிரம்பெட் ஒரு பொருட்டா? மெல்ல அழுத்தினேன். ஸ்வரம் மெல்ல எழும்பி வந்தது. இன்னும் அழுத்தினேன், கணீரென்று ஒலித்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பாட்டின் ஓர் அடி முடிந்தது. என் குதிகால் தானாகப் பின்னால் அழுந்தியது. டிரம்பெட் ‘டக்’கென்று செத்துப்போனது.

“என்னட்டி செய்த?”

“நூலை வெட்டினேன்” என்றேன். உண்மை அதுதான். எங்கள் மிஷினில் தைத்து முடித்ததும் குதிகாலைப் பின்னால் அழுத்தினால் கத்தி வந்து நூலை வெட்டும். துணி முடிந்தால் வெட்ட வேண்டும் என்று காலுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடி முடிகிற இடமெல்லாம் எனக்குத் துணி முடிகிற இடமாகத்தான் தெரிந்தது.

அன்றும் மறுநாளும் எங்கள் வீட்டில் நடந்தது ஒத்திகையா சண்டையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “வெட்டாதட்டி, விடு, அதுவா அடங்கட்டும்” என்பார். அடுத்த அடியிலும் வெட்டுவேன். இன்னொரு தகராறு மூச்சு எடுப்பதில் வந்தது. அடிக்கு நடுவே ஒரு இடத்தில் காலைத் தூக்கச் சொன்னார். அங்கே டிரம்பெட்காரன் மூச்சு எடுப்பானாம்.

“லேப்டாப்புக்கு எதுக்கு மூச்சு? நிக்காம வாசிக்கும்லா?”

“அதுக்கு வேண்டாம். கேக்குதவனுக்கு வேணும். நிக்காம போனா கேக்குதவனுக்கு நெஞ்சடைக்கும்.”

அது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. நானும் நிறுத்தாமல் பேசுகிறவள்தானே. சனிக்கிழமை ராத்திரிக்குள் எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும், எங்கே தூக்க வேண்டும் என்று அத்தனையும் காலில் மனப்பாடமாகிவிட்டது. கடைசி நீண்ட ஸ்வரத்தில் மட்டும் பத்துக்கு எட்டுத் தடவை வெட்டிவிட்டேன்.

ஈஸ்டர் விடியற்காலையில் எங்கள் இருவரையும், ஸ்டூலையும், பெடலையும் பார்த்துத் தலைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். “ஒரு டிரம்பெட்டுக்கு ரெண்டு பேரா? மதினி, நீங்களுமா?” நான் பாடகர் குழுவில் ஒருநாளும் இருந்தவள் இல்லை. என் குரல் அப்படி. செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுச்சேலைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, பெடல் வழுக்காமல் இருக்க அடியில் கழுத்துப்பட்டிக்கு வைக்கும் ரிப் துணித் துண்டு ஒன்றைப் போட்டு உட்கார்ந்தேன். பெண்கள் வரிசை முழுவதும் என் காலையே பார்த்தது. தலைவர் தன் கீபோர்டில் டிரம்பெட் பட்டனுக்குப் பக்கத்திலேயே ஒரு விரலை வைத்துக்கொண்டார். அது என் கண்ணில் பட்டுவிட்டது.

முதல் சரணம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகுதான் சபை விழித்துக்கொண்டு முழுக்குரலில் பாட ஆரம்பித்தது. எங்கள் சபை பாடினால் பாட்டை இழுக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குத்தான் மறந்துபோயிற்று. அவர் விரல் சபையோடு சேர்ந்து மெதுவாகப் போனது. என் கால் வீட்டில் மனப்பாடம் செய்த வேகத்தில் போனது. உயர வேண்டிய இடத்தில் நான் இறங்கிவிட்டேன், மூச்செடுக்கக் கூடாத இடத்தில் காலைத் தூக்கிவிட்டேன். டிரம்பெட் திக்கியது. முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். தலைவரின் விரல் பட்டன் மேல் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று, என் காலாலேயே போயிற்று என்று நினைத்தேன்.

அப்போதுதான் பக்கத்தில் ‘புஸ்’ என்று கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். இவர் கண்ணை மூடியிருந்தார். பல் செட் சட்டைப் பையில். வாயில் குழாயும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் கன்னம் உப்பியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மாதக்கணக்காகச் சாயங்காலங்களில் நான் கேட்டுச் சலித்த அதே புஸ். மனிதர் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தார், தனக்கே தெரியாமல்.

மனப்பாடத்தை அப்படியே விட்டுவிட்டேன். பாட்டையும் கேட்கவில்லை, சபையையும் கேட்கவில்லை. அவர் கன்னத்தை மட்டும் பார்த்தேன். அது உப்பினால் அழுத்தினேன். தளர்ந்தால் விட்டேன். தோள் உயர்ந்து அவர் மூச்செடுத்தபோது காலைத் தூக்கினேன். டிரம்பெட்டின் திக்கல் நின்றது. அடுத்த அடியில், எனக்குக் கல்யாணமான முதல் வருஷத்தில் கேட்ட அதே சத்தம் கோயில் கூரைவரை எழும்பியது. தலைவர் விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டார். அவரும் பாட ஆரம்பித்துவிட்டார்.

கடைசி ஸ்வரம் வந்தது. சபை பாடி முடித்துவிட்டது, டிரம்பெட் மட்டும் நீண்டுகொண்டிருந்தது. குதிகால் பின்னால் போகத் துடித்தது. கர்த்தரே, வெட்டிவிடாமல் காத்தருளும் என்று வேண்டிக்கொண்டேன். இவர் கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது, உதடு நடுங்கியது. நானும் இம்மி இம்மியாக விட்டேன். அவரிடம் காற்று தீர்ந்தபோது சத்தமும் தீர்ந்தது.

ஆராதனை முடிந்ததும் தலைவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, பல்லுதான் போச்சு. மூச்சு அப்படியே இருக்கே! அடுத்த வருஷமும் நீங்கதான்.”

“மூச்சு என்னது இல்ல தம்பி” என்றார் இவர், செட்டைத் தேடிப் பையைத் தடவிக்கொண்டே. “அது இவ காலு. நான் சும்மா விரலத்தான் வச்சேன்.”

பெண்களெல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பானேன்? பட்டுச்சேலை கட்டியிருந்தேன், எல்லோரும் பாராட்டுகிறார்கள், சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஓனரம்மாவுக்குக் கேக் கொடுக்கப் போனபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப அவருக்கு மூச்சு இளைப்பு இல்லீங்களா கண்ணு?” என்றார். தூதுவளை ரசம் அன்றோடு நின்றது. இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பழுதான டப்பா ரிப்பேராகி வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் குழாயை மாட்டி ஊதிப் பார்த்தார். உடனே கழற்றி வைத்துவிட்டு, “இது சரிப்படல, நீ வா” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். இப்போது தினமும் இதுதான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், நான் பெடலில் இருப்பேன். டிரம்பெட் பாடுவது என் காலால்தான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார், சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து தான் புஸ் புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வார். பிறகு நான் எதைப் பார்த்து மிதிப்பது?